சேமிப்பு என்று எழுதிய செலவு

2016 பிப்ரவரி 24 அன்று கனடாவின் மத்திய அரசு, தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் வேலையை ஃபீனிக்ஸ் என்ற புதிய மென்பொருளுக்கு மாற்றத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 34 துறைகள், ஏறத்தாழ 1,20,000 ஊழியர்கள். ஏப்ரலில் மீதி 67 துறைகளும் சேர்ந்தன. மொத்தம் சுமார் 2,90,000 பேர். கோடை வருவதற்குள் புகார்கள் குவிந்துவிட்டன. சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைத்து வந்தது. இன்னும் சிலருக்கு வரவேண்டியதைவிட அதிகமாக வந்தது; அதுவும் தலைவலியாகத்தான் முடிந்தது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர்கள், கோடைக்கால வேலைக்குச் சேர்ந்த மாணவர்கள், மேலதிகாரியின் இடத்தில் பொறுப்பு வகித்தவர்கள் என்று, யாருடைய பணிநிலை கொஞ்சம் மாறியிருந்ததோ அவர்கள்தான் முதலில் சிக்கினார்கள்.

2017 ஜூனில் கணக்கெடுத்தபோது 1,50,000 ஊழியர்களின் 4,94,500 கோரிக்கைகள் தீர்க்கப்படாமல் கிடந்தன. கூடுதலாகவும் குறைவாகவும் போட்ட சம்பளத்தைக் கூட்டினால் 52 கோடி டாலர். இவை கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் வெளியிட்ட எண்கள்.

இந்தக் கதையைத் தொழில்நுட்பத் தோல்வியாகவே பெரும்பாலும் சொல்லி வந்திருக்கிறார்கள். தணிக்கை அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்தால் அது ஒரு கணக்கு எழுதும் முறையின் கதையாகவும் தெரிகிறது. ஓர் அலுவலகம் புதிய மென்பொருள் வாங்கும்போது அதன் விலை, உரிமக் கட்டணம், நிறுவும் செலவு எல்லாம் கோப்பில் ஏறிவிடுகின்றன. அந்த வேலையை இதுவரை கையால் செய்து வந்தவர்களின் அனுபவ அறிவுக்கு எந்தக் கோப்பிலும் விலை இல்லை. விலை இல்லாத ஒன்றை இழந்தால் இழப்பும் எழுதப்படுவதில்லை. மோசமாக நிர்வகிக்கப்படும் அலுவலகத் தொழில்நுட்பத்தின் மறைவான செலவில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

கனடா அரசு பயன்படுத்தி வந்த பழைய சம்பள முறைக்கு 40 வயதாகியிருந்தது. அதை மாற்றியே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2009-ல் திட்டம் அனுமதி பெற்றது. மொத்த ஒதுக்கீடு 31 கோடி டாலர். அதில் மென்பொருளை உருவாக்கி நிறுவுவதற்கு 15.5 கோடி. 2011-ல் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. பீப்பிள்சாஃப்ட் என்ற, சந்தையில் ஏற்கெனவே கிடைக்கும் மென்பொருளைக் கனடாவின் தேவைக்கு ஏற்ப மாற்றித் தருவது என்று ஏற்பாடு.

அந்தத் தேவை சின்னதல்ல. நூற்றுக்கு மேற்பட்ட தொழிற்சங்க ஒப்பந்தங்கள், அவற்றிலிருந்து கிளைக்கும் 80,000-க்கும் அதிகமான சம்பள விதிகள். சிறைக் காவலருக்கு ஒரு விதி, கப்பல் பணியாளருக்கு வேறு விதி, வட துருவப் பகுதியில் பணிபுரிபவருக்குத் தனிப்படி. நம் ஊர் அரசு அலுவலகத்தில் அகவிலைப்படி நிலுவைக்கோ, பணிப்பதிவேட்டில் விட்டுப்போன ஒரு ஊதிய உயர்வுக்கோ அலைந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பில் போடும் பிரிவில் இருபது வருடம் இருந்த ஒருவர் கோப்பைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்தவருக்கு அதையே கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடிக்கும். கனடாவிலும் ஒவ்வொரு துறைக்கும் அப்படிப்பட்ட சம்பளப் பிரிவு ஊழியர்கள் இருந்தார்கள். தங்கள் துறையின் ஒப்பந்தங்கள் அவர்களுக்கு அத்துப்படி. பழைய கணினி முறையின் குறைகளைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழிகளும் தெரியும்.

திட்டத்தின் இன்னொரு பாதி அவர்களைப் பற்றியது. 46 துறைகளிலிருந்த 1,200 சம்பளப் பிரிவுப் பணியிடங்களை நீக்கிவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிஷி என்ற சிற்றூரில் 550 பேர் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்ததில் அரசியல் கணக்கும் இருந்தது. அங்கே இயங்கிய துப்பாக்கிப் பதிவு அலுவலகத்தை மூட அரசு முடிவு செய்திருந்தது; வேலை இழப்பவர்களுக்கு ஈடாகச் சம்பள மையம் போனது. ஒரு சிற்றூருக்கு வேலை கொடுப்பதில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் நாடு முழுவதும் சிதறியிருந்த அனுபவசாலிகளில் பலர் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு மிராமிஷிக்குப் போகவில்லை. சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் வேறு பிரிவுக்கு மாறினார்கள். மையத்தில் பெரும்பாலும் புதியவர்களே அமர்ந்தார்கள்.

முன்பு ஒரு சம்பளப் பிரிவு ஊழியர் சராசரியாக 184 பேருடைய சம்பளக் கோப்புகளைக் கவனித்து வந்தார். ஃபீனிக்ஸ் வந்த பிறகு 200 பேருடையதைக் கவனிப்பார் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். நடைமுறையில் 150-ஐத்தான் கவனிக்க முடிந்தது. ஆளும் பாதிக்குக் கீழே, ஆளுக்கான வேகமும் குறைவு. இந்த ஏற்பாட்டால் ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று சொல்லப்பட்டது. மென்பொருள் சரியாக ஓடுமா என்று தெரிவதற்கு முன்பே அந்தத் தொகையைச் சேமிப்பாக எழுதிவிட்டார்கள். வரப்போகும் மிச்சத்தை வந்ததாகவே எழுதிய பிறகு, திட்டத்தை நிறுத்துவதற்கோ தள்ளிப்போடுவதற்கோ நியாயம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது 2012-ல் நடந்தது. வேலையை முழுதாகச் செய்துமுடிக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்று ஐபிஎம் அந்த ஆண்டு தெரிவித்தது. கையில் இருந்த அனுமதி 15.5 கோடிக்கு. நியாயமாக, திட்ட அதிகாரிகள் கருவூல வாரியத்திடம் போய்க் கூடுதல் பணமோ காலமோ கேட்டிருக்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. கைவசமிருந்த பணத்துக்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்கினார்கள். மென்பொருளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளை நீக்கினார்கள், அல்லது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். முன்தேதியிட்டு நிலுவைச் சம்பளம் கணக்கிடுவது அவற்றில் ஒன்று. ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், கால அட்டவணையை நெருக்கினார்கள். ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த வெள்ளோட்டத்தை 2015 ஜூனில் ரத்து செய்தார்கள்.

நிலுவைச் சம்பளத்தை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு பெண் அதிகாரியின் மேலாளர் மூன்று மாத விடுப்பில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதமும் மேலாளர் பொறுப்பை இவர் பார்க்கிறார். அதற்குக் கூடுதல் சம்பளம் உண்டு. எந்த அலுவலகத்திலும் நடப்பதுபோல இதற்கான உத்தரவு கையெழுத்தாகி வர ஒரு மாதம் தாமதமாகிறது. பழைய முறையில் அனுபவமுள்ள ஊழியர் அதைப் பின்தேதியிட்டுப் பதிந்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டு அடுத்த சம்பளத்தில் சேர்த்துவிடுவார். ஃபீனிக்ஸோ, எந்த மாற்றமும் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பதிவாகிவிடும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. தாமதமாக வரும் ஒவ்வோர் உத்தரவும் கையால் கணக்கிட வேண்டிய வேலையாகிறது. அதைச் செய்து முடிப்பதற்குள் விடுப்பு முடிந்து மேலாளர் திரும்பிவிடுகிறார். பொறுப்பு முடிந்ததைப் பதிய வேண்டிய இன்னொரு கோரிக்கை வரிசையில் நிற்கிறது. முதலாவது தீராமல் இரண்டாவதைத் தொட முடியாது. அரை மில்லியனை நெருங்கிய அந்தத் தேக்கம் இப்படித்தான் சேர்ந்தது. தாமதமான உத்தரவுகள் அரசு அலுவலகத்தின் அன்றாட நடப்பு என்பதைப் பணியிடம் இழந்த 1,200 பேரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அதிகச் சம்பளம் வந்தவர்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தவறுதலாக 5,000 டாலர் கூடுதலாகக் கணக்கிடப்பட்டது என்று எடுத்துக்கொள்வோம். வரியும் ஓய்வூதியப் பிடித்தமும் போக அவர் வங்கிக் கணக்கில் ஏறக்குறைய 3,500 விழுந்திருக்கும். தவறு அடுத்த ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டால் அவர் திருப்பித்தர வேண்டியது 5,000. தன் கைக்கே வராத 1,500 டாலரைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டிவிட்டு, வரித் துறையிடமிருந்து அதைத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும். இந்த அநியாயத்தை நீக்க 2019-ல் வருமான வரிச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு சம்பள மென்பொருளின் பிழை நாடாளுமன்றத்தின் நேரத்தையும் தின்றது. அந்த நேரத்துக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒதுக்கீடு கிடையாது.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2016 ஜனவரியில் 14 துறைகள் தங்களுக்குக் கடுமையான ஐயங்கள் இருப்பதாகத் தெரிவித்தன. இருந்தும் குறித்த தேதியில் பழைய முறையை விட்டு விலகினார்கள். 2018 மே மாதம் அன்றைய தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்கூசன் ஃபீனிக்ஸ் பற்றிய தன் இரண்டாவது அறிக்கையில், திட்ட மேலாண்மையிலும் மேற்பார்வையிலும் நடந்த இந்தத் தோல்வி புரிந்துகொள்ளவே முடியாத ஒன்று என்று எழுதினார். தணிக்கையாளர்கள் வழக்கமாக எழுதும் நடையல்ல அது. கெட்ட செய்தி மேலே போகாதபடி தடுக்கும் அலுவலகக் கலாச்சாரத்தையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அதே 2018 ஜூலையில் கனடிய செனட்டின் நிதிக் குழு, ஃபீனிக்ஸைச் சரிசெய்யும் மொத்தச் செலவு 220 கோடி டாலரை எட்டக்கூடும் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு 7 கோடி சேமிப்பு என்று தொடங்கிய திட்டம் அது.

கனடாவுக்கு முன்னோடி ஒன்றும் இருந்தது. 2010 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை புதிய சம்பள முறைக்கு மாறியது. செவிலியர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் உட்படச் சுமார் 78,000 பேர். ஒப்பந்ததாரர் அங்கேயும் ஐபிஎம். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குத் தொடங்கிய வேலை, கடைசியில் 120 கோடி டாலர் செலவு வைத்தது. ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013-ல் அறிக்கை கொடுத்துவிட்டது. அப்போது ஃபீனிக்ஸ் ஓடத் தொடங்க இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன.

அரசு என்றால் இப்படித்தான், தனியார் துறையில் இது நடக்காது என்று சிலர் நினைக்கக்கூடும். நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தைப் பார்க்கலாம். வேகமும் லாபமும் மட்டுமே குறியான தொழில் அது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை ஒரு புதிய வர்த்தகத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நைட் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ஏற்றிய தொழில்நுட்பப் பணியாளர் ஏழில் ஏற்றினார், எட்டாவது விட்டுப்போனது. அவர் செய்ததை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை.

விட்டுப்போன அந்தச் சர்வரில் பவர் பெக் என்ற பழைய நிரல் உறங்கிக்கொண்டிருந்தது. 2003-லிருந்தே யாரும் அதைப் பயன்படுத்தவில்லை; நீக்கவும் இல்லை. வாங்கவேண்டிய பங்குகளை வாங்கி முடித்ததும் நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-ல் அதிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். எடுத்த பிறகு பவர் பெக் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்க்கவில்லை, பயன்பாட்டில் இல்லாத நிரல்தானே என்று. புதிய திட்டத்துக்கு, பவர் பெக்கை எழுப்பும் பழைய அடையாளக் கொடியையே மறுபடி பயன்படுத்தினார்கள். காலை 9:30-க்குச் சந்தை திறந்தது. எட்டாவது சர்வருக்குப் போன ஆர்டர்கள் ஒவ்வொன்றும் நிற்காமல் திரும்பத் திரும்பச் சந்தைக்குப் போயின. நாற்பத்தைந்து நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நட்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணியிலிருந்து, பவர் பெக்கைக் குறிப்பிட்டு 97 பிழை மின்னஞ்சல்களைக் கணினி தானாகவே அனுப்பியிருந்தது. அவை பணியாளர்களின் பெட்டியில் போய்ச் சேர்ந்தன. அவசர எச்சரிக்கையாகக் கருத வேண்டிய வகையில் அவை வடிவமைக்கப்படவில்லை, யாரும் பொருட்படுத்தவில்லை. கோளாறு தெரிந்ததும் பதற்றத்தில் புதிய நிரல்தான் காரணம் என்று எண்ணி, அதைச் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள். அங்கேயும் பவர் பெக் விழித்துக்கொண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தபோது இந்த விவரங்களெல்லாம் வெளியே வந்தன. அதற்குள் நைட் தனி நிறுவனமாகவே இல்லை. கெட்கோ என்ற போட்டி நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

பவர் பெக்கைப் பராமரிக்க நைட் எந்தச் செலவும் செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அது கணக்குப் புத்தகத்தில் பூஜ்யமாக இருந்தது. வட்டி ஏறிக்கொண்டே போகும் கடன் என்று இத்தகைய பழைய நிரலை மென்பொருள் துறையினர் சொல்வதுண்டு. 1992-ல் வார்ட் கன்னிங்காம் என்ற பொறியாளர் கொடுத்த உவமை அது.

பெரிய தொகைகள் உள்ள நிகழ்வுகளே செய்தியாகின்றன. அன்றாடம் நடக்கும் சிறு இழப்புகள் கண்ணில் படுவதில்லை. நம்பி வாங்கிய மென்பொருள் வேலைக்கு ஆகாதபோது ஊழியர்கள் கைவிட்டுவிட்டு உட்காருவதில்லை. தங்களுக்குள் ஒரு எக்செல் கோப்பைத் தயாரித்து வேலையை நடத்திவிடுகிறார்கள். மென்பொருளில் ஒரு முறை, எக்செல்லில் ஒரு முறை, சில இடங்களில் நீள நோட்டில் மூன்றாவது முறை. அந்த இரட்டை உழைப்பு யாருடைய நேரத்திலிருந்து போகிறது என்று எந்த மேலாளரும் கேட்பதில்லை, வேலை நடந்துவிடுவதால். பிறகு அந்தத் தற்காலிகக் கோப்பே நிரந்தரமாகிறது.

2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். தனியார் ஆய்வகங்களிலிருந்து வரும் கோவிட் சோதனை முடிவுகளை எக்ஸ்எல்எஸ் என்ற பழைய எக்செல் வடிவத்துக்கு மாற்றித்தான் மைய அமைப்பில் ஏற்றி வந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டதால் ஒரு கோப்பு ஏறக்குறைய 1,400 பேரோடு நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வந்தவை சத்தமில்லாமல் விழுந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் இப்படிக் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி அத்தனை நாள் பிந்தியது. திமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற பொருளியலாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, தகவல் அதிகம் விட்டுப்போன பகுதிகளில் அதற்குப் பின் தொற்றும் மரணமும் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். நாடு முழுவதற்குமான ஒரு பணி, காலாவதியான கோப்பு வடிவத்தின் மேல் நின்றிருந்தது. மாற்றியமைக்க அதிகச் செலவும் ஆகியிருக்காது.

கணினியில் போடும் பணத்தின் பலன் எங்கிருந்து வருகிறது என்பது பற்றிப் பொருளியலில் ஒரு முக்கியமான ஆராய்ச்சி மரபு இருக்கிறது. 1987-ல் ராபர்ட் சோலோ, கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். அதற்கு விடை தேடியவர்களில் எரிக் பிரிஞ்ஜால்ஃப்சனும் லோரின் ஹிட்டும் முதன்மையானவர்கள். ஷின்கியு யாங்கோடு சேர்ந்து அவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனங்கள் கணினியில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் பங்குச் சந்தை ஏறத்தாழ 10 டாலர் மதிப்பு தருவதாகக் கண்டார்கள். கணினிக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. அதைச் சுற்றி நிறுவனம் வளர்த்துக்கொண்ட பயிற்சி, மாற்றியமைத்த வேலைமுறை, யார் எதை முடிவு செய்யலாம் என்ற ஒழுங்கு ஆகியவற்றின் மதிப்பு அது என்பது அவர்கள் விளக்கம். பெட்டி வாங்குவது சிறு பங்கு. பெரும்பங்கு மனிதர்களிடத்தில் போடும் முதலீடு.

கணக்கியல் விதிகள் இந்தப் பெரும்பங்கைச் சொத்தாக ஏற்பதில்லை. ஐஏஎஸ் 38 என்ற சர்வதேசத் தரநிலையும் அதை ஒட்டிய இந்தியத் தரநிலையும் பயிற்சிக்கான தொகையை அந்த ஆண்டின் செலவாகவே எழுதச் சொல்கின்றன. ஊழியரின் திறமையையும் நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் காட்ட முடியாது என்பதால் சொத்துப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. விதிக்குக் காரணம் இருக்கிறது. ஊழியர் நாளையே விலகிப் போகலாம். ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பவருக்கு, மென்பொருள் சொத்தாகவும் அதை ஓட்டத் தெரிந்த ஆள் செலவாகவும் தெரிகிறார். செலவைக் குறைக்கச் சொன்னால் எதில் கை வைப்பார்? கனடாவின் திட்ட அதிகாரிகள் வெட்டியவற்றை மறுபடி பார்த்தால் தெரியும்: அனுபவமுள்ள ஊழியர்கள், சோதனை, வெள்ளோட்டம், கால அவகாசம். வாங்கிய மென்பொருளுக்கான கொடுப்பனவு நிற்கவில்லை.

இழந்ததை மீட்கக் கனடா எடுத்த முயற்சிகள் மெதுவாகவே பலன் தந்தன. வேறு சில ஊர்களில் துணை மையங்கள் திறந்தார்கள். ஓய்வு பெற்ற சம்பளப் பிரிவு ஊழியர்களைத் திரும்ப அழைத்தார்கள். சில ஆண்டுகளில் சம்பளப் பணியாளர் எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டியது. மிச்சம் பிடிக்க நீக்கிய 1,200-ஐவிட அதிகம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாகப் பல தொழிற்சங்கங்களுடன் 2019-ல் கூடுதல் விடுப்பு நாட்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. மிகப் பெரிய சங்கமான பிஎஸ்ஏசி அதை ஏற்க மறுத்துப் போராடி, 2020-ல் உறுப்பினர் ஒருவருக்கு 2,500 டாலர் வரை பெற்றது. தவணை கட்ட முடியாமல் உறவினரிடம் கைநீட்டியவர்களுக்கும், வீடு வாங்கும் முடிவைத் தள்ளிப்போட்டவர்களுக்கும், பணியிட மாற்றம் கேட்டால் சம்பளம் குழம்பிவிடுமே என்று பதவி உயர்வை வேண்டாமென்றவர்களுக்கும் அந்தத் தொகை எவ்வளவு ஈடாகும் என்று சொல்வது கடினம்.

மிராமிஷியில் 2017 டிசம்பரில் ஒரு புதிய ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்தத் துறையிலிருந்து வரும் கோப்பையும் கையில் கிடைத்த ஊழியர் பார்ப்பது என்ற முறையை விட்டுவிட்டு, ஊழியர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பிட்ட துறைகளை மட்டும் ஒப்படைத்தார்கள். அந்தத் துறையின் ஒப்பந்தங்கள், படிகள், விதிவிலக்குகள் அனைத்தும் அந்தக் குழுவுக்குப் பழகும். ஒரே நபரின் கோப்பில் உள்ள சிக்கல்களை எல்லாம் ஒன்றாகப் பார்த்துத் தீர்க்கும். அந்தத் துறைகளில் தேக்கம் குறையத் தொடங்கியது. 2019-க்குள் மையம் கவனிக்கும் துறைகள் அனைத்தையும் அந்த முறைக்கு மாற்றினார்கள். ஃபீனிக்ஸ் வருவதற்கு முன், துறைக்கொரு சம்பளப் பிரிவு இருந்த காலத்தில் வேலை நடந்தது ஏறக்குறைய அதே விதத்தில்தான்.